குரங்கு நமக்குப் பங்காளி என்றால், அறம் எங்கிருந்து வந்தது?

"மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் குரங்கு மாதிரிதானே நடந்துகொள்வார்கள்?"

பரிணாமம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வி ஏதோ ஓர் உருவில் வந்து சேர்ந்துவிடும். கேட்பதற்குக் கேலி போல இருக்கும். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையின் உயிர்நாடி இதற்குள்தான் இருக்கிறது. புதைபடிவம், மரபணு, பூமியின் வயது என்று வாதம் மேலே ஓடினாலும், அடியில் ஓடுவது ஓர் அச்சம். கடவுள் படைக்கவில்லை என்று ஆகிவிட்டால், 'கொல்லாதே, பொய் சொல்லாதே, எளியவனை மிதிக்காதே' என்பதையெல்லாம் தாங்கிப் பிடிப்பது எது?

உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு கேள்விகள். நம் உடல் எப்படி உருவானது என்பது ஒன்று. நல்லது கெட்டது என்ற உணர்வு எங்கிருந்து வந்தது, அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடையை வைத்து இரண்டாவதையும் முடித்துவிடலாம் என்று இரண்டு தரப்பிலும் பலர் நம்புகிறார்கள். அது நடக்காது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன், இரு தரப்பும் என்ன சொல்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம்.

பிழையும் பிழைப்பும்

பரிணாமத்தின் அடிப்படை மிக எளிது. குட்டிகள் பெற்றோரைப் போல இருக்கும், ஆனால் அச்சு அசலாக இருக்காது. பிறப்பவை எல்லாம் வளர்ந்து இனம் பெருக்குவதில்லை. இருக்கும் சூழலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தியவை அதிகக் குட்டிகளை விட்டுச்செல்லும். அவற்றைப் பொருந்தச் செய்த அந்தச் சிறு வேறுபாடு அடுத்த தலைமுறையில் இன்னும் பலரிடம் இருக்கும். இது ஆயிரமாயிரம் தலைமுறைகள் தொடர்ந்தால், தொடங்கிய இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும். இதைத்தான் இயற்கைத் தேர்வு என்றார் சார்லஸ் டார்வின். 1831 முதல் 1836 வரை கப்பலில் உலகைச் சுற்றிவந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தார். 1858இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இளையவர் அதே கருத்தைத் தனியாகக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோதுதான் விழித்துக்கொண்டார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் 1859 நவம்பரில் வெளிவந்தது.

வேறுபாடுகள் எப்படித் தோன்றுகின்றன என்பது டார்வினுக்குத் தெரியாது. மரபணு என்ற பேச்சே அப்போது இல்லை. இன்று தெரியும்: மரபணுவை நகலெடுக்கும்போது அவ்வப்போது தவறு நேர்கிறது. தமிழில் 'பிழை' என்றால் தவறு, 'பிழைத்தல்' என்றால் உயிர் தப்பி வாழ்தல். இந்தக் கோட்பாட்டை இவ்வளவு சிக்கனமாகச் சொல்லக்கூடிய சொல் கையில் இருப்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நகலில் பிழை விழுகிறது. சில பிழைகள் பிழைத்துக்கொள்கின்றன. அவ்வளவுதான். பிழை விழுவது தற்செயல், எது பிழைக்கும் என்பது தற்செயல் அல்ல. 'எல்லாமே தற்செயல் என்கிறார்கள்' என்று பரிணாமத்தைக் குறை சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

குரங்கு விஷயத்தையும் தீர்த்துவிடுவோம். இன்றைய சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து இரு கிளைகள் பிரிந்தன. ஒரு கிளையில் அவை, மற்றதில் நாம். 'மனிதன் வந்த பிறகும் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?' என்ற கேள்வி, 'நான் பிறந்த பிறகும் என் சித்தப்பா மகன் ஏன் இருக்கிறான்?' என்று கேட்பது போல.

சான்றுகள் மலையளவு. இரண்டை மட்டும் சொல்கிறேன், என்னை மிகவும் ஈர்த்தவை என்பதால். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளுக்குக் குரோமோசோம்கள் என்று பெயர். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் அவை 24 இணை. நமக்கு 23. பொது மூதாதை உண்மையென்றால், காணாமல் போன ஓர் இணைக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். மனிதனின் இரண்டாம் குரோமோசோமைப் பார்த்தால் விடை இருக்கிறது. குரோமோசோமின் முனையில் மட்டுமே இருக்க வேண்டிய வரிசை, அதன் நடுப்பகுதியில் கிடக்கிறது. இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டு ஒன்றாக்கியது போல, இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட தழும்பு அது.

அடுத்தது ஒரு மீன். நீரில் வாழ்ந்த மீன்களிலிருந்து நான்குகால் விலங்குகள் வந்தன என்றால், இடைப்பட்ட உயிரி ஒன்று சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைய பாறையில் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்த வயதுடைய பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று தேடிக் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். பல ஆண்டுகள் தோண்டி, 2004இல் கண்டெடுத்தார்கள். செதிலும் துடுப்பும் மீனைப் போல, கழுத்தும் துடுப்புக்குள் இருந்த மணிக்கட்டு எலும்புகளும் தரைவிலங்கைப் போல. டிக்டாலிக் என்று பெயர் வைத்தார்கள். எந்த வயதுப் பாறையில் எது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லித் தேடிப் போய் எடுத்துவருவது, வெறும் ஊகத்தால் ஆகிற காரியம் அல்ல.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது வேதியியலை ஒட்டிய தனி ஆய்வு. அங்கே இன்னும் விடை முழுமையாக இல்லை. உயிர் தோன்றிய பிறகு அது எப்படிப் பலவாகப் பெருகியது என்பதே பரிணாமக் கோட்பாடு விளக்குவது.

படைத்தவன் பக்கம்

படைப்புவாதிகள் என்றால் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நினைப்பது தவறு. அவர்களுக்குள்ளேயே கடும் சண்டை உண்டு.

ஒரு முனையில் 'இளம் பூமி'க்காரர்கள். விவிலியத்தின் தொடக்க நூலை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று எடுத்துக்கொள்பவர்கள். 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலியத்தில் வரும் தலைமுறைகளைக் கூட்டிக் கழித்து உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்று கணக்கிட்டார். இன்றும் இந்தப் பிரிவினர் பூமிக்கு 6,000 முதல் 10,000 ஆண்டு வயது என்கிறார்கள். கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு அறிவியல் கணித்த வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

அடுத்து, படைப்பின் ஆறு 'நாட்கள்' என்பவை நீண்ட யுகங்கள் என்று கொண்டு பூமியின் வயதை ஏற்பவர்கள். பிறகு, பூமியின் வயதும் சரி, உயிரினங்கள் மாறுவதும் சரி, ஆனால் சில உறுப்புகள் படிப்படியாக உருவாகியிருக்கவே முடியாத அளவுக்குச் சிக்கலானவை, அவற்றுக்கு ஓர் அறிவு வேண்டும் என்பவர்கள். 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று தங்கள் வாதத்துக்குப் பெயர் வைத்தார்கள். இதன் வேர் பழையது. 1802இல் வில்லியம் பேலி என்ற பாதிரியார் சொன்னார்: வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அது தானாக வந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள், கண்ணும் இறக்கையும் அதைவிட நுட்பமானவை ஆயிற்றே? இளம் வயதில் டார்வினே பேலியை விரும்பிப் படித்தவர். வடிவமைப்பாளர் இல்லாமலேயே வடிவம் எப்படி வரும் என்று காட்டியதுதான் அவர் செய்த வேலை.

இவர்களையெல்லாம் விட எண்ணிக்கையில் கவனிக்க வேண்டியவர்கள், கடவுளையும் நம்பிப் பரிணாமத்தையும் ஏற்பவர்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பன்னிரண்டாம் பயஸ் 1950இல் மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார். 1996இல் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்றார். 'பரிணாமத்தின் வெளிச்சத்தில் அல்லாமல் உயிரியலில் எதுவும் பொருள்படாது' என்று 1973இல் எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். ஆகவே 'பரிணாமமா கடவுளா' என்று இரண்டே கதவுகளைக் காட்டுபவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், மூன்றாவது கதவை மறைக்கிறார்.

சட்டச் சண்டை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. பரிணாமம் கற்பிப்பதைத் தடை செய்ய மாநிலங்களுக்கு உரிமை இல்லை என்று 1968இலும், அதோடு சேர்த்துப் படைப்பையும் கற்பித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று 1987இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'அறிவார்ந்த வடிவமைப்பு' 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளிகள் தொடர்பான வழக்கைச் சந்தித்தது. பழமைவாதக் கட்சியின் குடியரசுத் தலைவர் நியமித்த நீதிபதியே, அது அறிவியல் அல்ல, சமயக் கருத்து என்று தீர்ப்பளித்தார்.

டேட்டனில் ஒரு கோடைக்காலம்

வழக்குகளில் புகழ்பெற்றது 1925 ஜூலையில் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில் நடந்தது. மனிதன் கீழ்விலங்குகளிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது அந்த மாநிலத்தில் குற்றம். ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் மீது வழக்கு. அவருக்காக வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ. அரசுத் தரப்பில் வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். ஸ்கோப்ஸ் குற்றவாளி என்று முடிவாகி 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927இல் மேல்முறையீட்டில், அபராதத்தை நடுவர் குழு விதிக்காமல் நீதிபதி விதித்தது தவறு என்ற நடைமுறைக் காரணத்தால் அது ரத்தானது. சட்டம் மட்டும் 1967 வரை நீடித்தது.

பிரையனை மூடநம்பிக்கைக் கிழவர் என்று சித்திரிப்பதே வழக்கம். அதை நான் ஏற்பதில்லை. மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவர். விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாழ்நாள் முழுதும் பேசியவர். முதல் உலகப்போர் முடிந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகவில்லை. போரும் வெற்றியும் இயற்கையின் நியதி என்று பேசிய படைத்தலைமைகளை அவர் பார்த்திருந்தார். 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்பதற்கு அறிவியல் முத்திரை குத்துகிறார்கள் என்பதே அவரது கவலை.

அந்தக் கவலைக்கு ஆதாரம் அந்த வழக்கின் உள்ளேயே இருந்தது. ஸ்கோப்ஸின் பள்ளியில் பயன்பட்ட உயிரியல் பாடநூல் பரிணாமத்தை மட்டும் கற்பிக்கவில்லை. 'இன மேம்பாட்டை'யும் கற்பித்தது. மனநலம் குன்றியோர், குற்றவாளிகள் என்று சில குடும்பங்களைப் பட்டியலிட்டு, அவர்களைச் சமூகத்தின் ஒட்டுண்ணிகள் என்றது. விலங்குகளாக இருந்தால் பெருகாதபடி கொன்றிருப்போம், மனிதநேயம் அதை அனுமதிக்காது, ஆனால் இனப்பெருக்கத்தைத் தடுக்க வழிகள் உண்டு என்று எழுதியது. பிள்ளைகளுக்கான நூலில்! 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கட்டாயக் கருத்தடையைச் சட்டப்படி செல்லும் என்றது.

ஆக, உயிரியலில் பிரையன் தவறு. அச்சத்தில் அவர் முழுக்கத் தவறல்ல. ஆனால் அவர் குற்றவாளியைத் தவறாக அடையாளம் கண்டார். பாடநூலில் இருந்த கொடுமை, 'உயிர்கள் இப்படி மாறுகின்றன' என்ற வாக்கியத்தில் இல்லை. அதிலிருந்து 'ஆகவே இப்படிச் செய்ய வேண்டும்' என்று தாவிய தாவலில் இருந்தது.

யாருக்கு வேண்டும்?

அந்தத் தாவலை முதலில் சுட்டிக்காட்டியவர் டார்வினுக்கும் முந்தைய மெய்யியலாளர் டேவிட் ஹியூம். 1739-40இல் எழுதினார்: அறம் பற்றிப் பேசுபவர்கள் 'இருக்கிறது, இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டு வருகிறார்கள், திடீரென்று ஓரிடத்தில் 'வேண்டும்' என்று மாறுகிறார்கள், இடையில் பாலம் எதையும் காணோம். உலகம் எப்படி இருக்கிறது என்பதை எவ்வளவு அடுக்கினாலும், எப்படி இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தானாகச் சொட்டாது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்கிறோம். 'உண்மை பேச வேண்டும்' என்கிறோம். விருப்பத்துக்கும் கடமைக்கும் ஒரே சொல். முதல் வாக்கியத்தில் யாருக்கு வேண்டும் என்பது தெரிகிறது. இரண்டாவதில்? உண்மை பேசுவது யாருக்கு வேண்டும்? விழுமியங்களின் தோற்றம் பற்றிய மொத்த விவாதமும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். படைத்தவனுக்கு வேண்டும் என்பது ஒரு விடை. கூடி வாழ்ந்த நம் முன்னோர்களின் பிழைப்புக்கு வேண்டியிருந்தது என்பது இன்னொரு விடை. யாருக்கும் வேண்டாம் என்றாலும் அது கடமைதான், கணக்கைப் போல என்பது மூன்றாவது.

ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் இந்தப் பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர்களில் முதன்மையானவர். 'தக்கன பிழைத்தல்' என்ற தொடர் டார்வினுடையது அல்ல; 1864இல் ஸ்பென்சர் ஆக்கியது, டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார். தமிழில் 'தக்கன' என்பது நல்ல மொழிபெயர்ப்பு: சூழலுக்குத் தக்கது. இதையே 'வலியது வெல்லும்' என்று சொல்லிப் பழகியவர்கள் கோட்பாட்டையே மாற்றிவிட்டார்கள். இருட்டுக் குகையில் வாழும் மீனுக்குக் கண் இல்லாததுதான் தகுதி. அதை வலிமை என்றோ உயர்வு என்றோ யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்பென்சரோ பரிணாமத்தை முன்னேற்றமாகவே பார்த்தார். அரசு ஏழைகளுக்கு உதவுவது இயற்கையின் வேலையில் தலையிடுவதாகும் என்றார்.

இதற்குக் கடுமையான மறுப்பு பாதிரியார்களிடமிருந்து மட்டும் வரவில்லை. டார்வினுக்காக மேடைதோறும் சண்டை போட்ட தாமஸ் ஹக்ஸ்லியே, 1893இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், சமூகம் அறத்தில் முன்னேறுவது இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதால் அல்ல, அதை எதிர்த்துப் போராடுவதால்தான் என்றார். அடுத்த ஆண்டு அந்த உரைக்கு எழுதிய முன்னுரையில் தோட்டத்தை உவமை சொன்னார். சும்மா விட்டால் காடு மண்டிவிடும். களை பறித்து, வேலி கட்டி, நீர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அது தோட்டம்.

தானாடாவிட்டாலும்

ஆனால் ஹக்ஸ்லியின் உவமையில் ஒரு ஓட்டை உண்டு. தோட்டக்காரனும் அதே மண்ணில் முளைத்தவன்தானே? களை பறிக்கும் ஆசை அவனுக்கு எங்கிருந்து வந்தது? நல்லுணர்வும் இயற்கையிலிருந்தே வந்திருக்க முடியுமா என்ற கேள்வியை டார்வின் 1871இல் நேராகவே எடுத்துக்கொண்டார். கூடி வாழும் இயல்பு உள்ள எந்த விலங்குக்கும், மனிதனுக்கு இருப்பது போன்ற அறிவு வளர்ந்தால், மனசாட்சி வந்தே தீரும் என்பது அவர் விடை. கூடவே ஓர் அதிரவைக்கும் எடுத்துக்காட்டையும் வைத்தார். மனிதர்கள் தேனீக்களைப் போல வளர்க்கப்பட்டிருந்தால், மணமாகாத பெண்கள் தம் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமை என்று நினைப்பார்கள். தாய்மார்கள் கருத்தரிக்கக்கூடிய மகள்களைக் கொல்ல முயல்வார்கள். குறுக்கிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் குளிர்கிறது.

தனக்கு நட்டம் வந்தாலும் பிறருக்கு உதவும் குணம் எப்படிப் பிழைத்தது என்ற புதிருக்கு முதல் பெரிய விடை 1964இல் வந்தது. 'தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்று நாம் சொல்வதை உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் கணக்காக எழுதிக் காட்டினார். என் மரபணுக்களில் பாதி என் சகோதரனிடம் இருக்கக்கூடும். சித்தப்பா பிள்ளையிடம் எட்டில் ஒரு பங்கு. ஆகவே நான் அழிந்தாலும், என்னால் பிழைக்கும் உறவினர்களின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தால் 'உதவு' என்று தூண்டும் மரபணு அடுத்த தலைமுறையில் பெருகும். உயிரியலாளர் ஹால்டேன் சொன்னதாக ஒரு வேடிக்கை வழங்குகிறது: ஒரு சகோதரனுக்காக உயிரை விடமாட்டேன், இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டுப் பங்காளிகளுக்காகவோ என்றால் விடுவேன்.

உறவே இல்லாதவர்களுக்கு உதவுவது? 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் சொன்ன விடை, கொடுக்கல் வாங்கல். இரத்தம் குடிக்கும் வௌவால்களைப் பாருங்கள். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். வயிறு நிறைந்து திரும்பிய வௌவால், பட்டினி கிடக்கும் கூட்டாளிக்குத் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்கிறது என்று 1984இல் ஜெரால்டு வில்கின்சன் காட்டினார். இன்று எனக்கு, நாளை உனக்கு. அதே காலத்தை ஒட்டி ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிஞர், ஏமாற்றவோ ஒத்துழைக்கவோ செய்யலாம் என்ற விளையாட்டில் கணினி நிரல்களை மோதவிட்டார். தந்திரமான நிரல்களையெல்லாம் பின்தள்ளி முதலிடம் வந்தது மிகச் சிறிய ஒன்று. 'முதலில் ஒத்துழை. பிறகு எதிராளி கடைசியாக என்ன செய்தாரோ அதையே செய்.' நன்றி, கோபம், பரிவு, குற்ற உணர்வு எல்லாம் இந்தக் கணக்கை நடத்தும் கருவிகளாக வளர்ந்திருக்கலாம் என்பது டிரிவர்ஸின் எண்ணம்.

நியாய உணர்வின் வித்துகளையும் விலங்குகளிடம் தேடினார்கள். 2003இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கப்புச்சின் குரங்குகளுக்கு ஒரே வேலைக்குக் கூலி கொடுத்தார்கள். இரண்டுக்கும் வெள்ளரித் துண்டு என்றால் பிரச்சினை இல்லை. பக்கத்துக் குரங்குக்கு மட்டும் திராட்சை என்றதும், வெள்ளரியை வாங்கவே பல மறுத்தன. இதை நியாய உணர்வு என்றே சொல்லிவிடலாமா, திராட்சையைக் கண்டு கிடைக்காத எரிச்சலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். குழந்தைகளிடமும் இதே நிலை. உதவும் பொம்மையையே கைக்குழந்தைகள் தேர்ந்தெடுக்கின்றன என்று 2007இல் வந்த ஆய்வு பரபரப்பானது. பிற்பாடு பல ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளை மேற்கோள் காட்டி 'பார்த்தீர்களா, அறம் பிறவியிலேயே இருக்கிறது' என்று முழங்குபவர்கள் சற்று நிதானிக்கலாம்.

மேலும், இயற்கை நமக்குக் கருணையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒருவருக்கொருவர் உதவும் உறுப்பினர்கள் நிறைந்த குடி, மற்றக் குடிகளை வென்றிருக்கும் என்று டார்வினே எழுதினார். உள்ளே பாசம், வெளியே பகை இரண்டும் ஒரே உலையில் வார்த்தவையாக இருக்கக்கூடும். அந்நியனைக் கண்டால் வரும் சந்தேகமும், அழும் குழந்தையைக் கண்டால் வரும் பதற்றமும் ஒரே வழியில் வந்தவை. இரண்டில் ஒன்றை வளர்க்க வேண்டும், மற்றதை அடக்க வேண்டும் என்று எது சொல்கிறது? பரிணாமம் சொல்லாது. அது வரலாறு; தீர்ப்பு அல்ல.

ஆணையிட்டதால் நல்லதா?

'அதனால்தான் கடவுள் வேண்டும் என்கிறோம்' என்பார் படைப்புவாதி. இந்த இடத்தில் அவருடைய வாதம் வலுவானது. அதை உள்ளபடியே வைக்கிறேன். மனசாட்சி என்பது பிழைப்புக்கு உதவிய ஒரு கருவி மட்டுமே என்றால், அது சொல்வது உண்மை என்று நம்ப என்ன காரணம்? தேனீயாகப் பிறந்திருந்தால் வேறொன்றைப் புனிதம் என்று நினைத்திருப்போமே? இதைச் சமயவாதிகள் மட்டும் கேட்கவில்லை. கடவுளை இழுக்காமலேயே, மெய்யியலாளர் ஷரன் ஸ்ட்ரீட் 2006இல் இதே இக்கட்டை, மனிதரைச் சாராத அற உண்மைகள் உண்டு என்று நம்பும் தம் துறையினர் முன் வைத்தார்.

அதற்கு ஒரு பதில்: எண்ணும் திறமையும் பரிணாமத்தில்தான் வந்தது, அதற்காக இரண்டும் இரண்டும் நான்கு என்பது பொய்யாகிவிடுமா? கருவி எப்படி வந்தது என்பது வேறு, கருவி காட்டுவது சரியா என்பது வேறு. இன்னொரு பதில், ஸ்ட்ரீட்டுடையது: விழுமியங்கள் மனிதர்களிடமிருந்தே பிறந்தவை, அதற்காக அவை போலி ஆகிவிடாது. மொழியை மனிதர்கள்தான் ஆக்கினார்கள். அதற்காக இலக்கணப் பிழை இல்லை என்று ஆகிவிடாது. இவற்றில் எதுவும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆனால் கடவுளைக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும் என்பதும் அவ்வளவு எளிதல்ல.

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ், யூதிஃப்ரோ என்பவரைக் கேட்கிறார். இன்றைய பேச்சில் சொன்னால்: ஒரு செயல் நல்லதாக இருப்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா, கடவுள் விரும்புவதால் அது நல்லதாகிறதா? முதலாவது என்றால், நன்மை கடவுளுக்கும் வெளியே நிற்கிறது. அவர் அதைச் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவே. இரண்டாவது என்றால், அவர் நாளைக்குக் கொலையை விரும்பினால் கொலையும் நல்லதாகிவிடும். நம்பிக்கையாளர்கள் இதற்குச் சொல்லும் சிறந்த பதில், நன்மை என்பது கடவுளின் இயல்பே, அவர் அதற்கு மாறாக விரும்பமாட்டார் என்பது. சிந்திக்கத்தக்க பதில்தான். எனினும், அந்த இயல்பை நல்லது என்று நாம் அடையாளம் காண்பது எந்த அளவுகோலால் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நடைமுறையிலும் இதைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே விவிலியத்தைத்தான் மேற்கோள் காட்டினார்கள். எந்த வசனத்துக்கு எடை கொடுப்பது என்று முடிவு செய்தது, வசனத்தை வாசித்தவரிடம் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று. ஸ்பென்சர் இயற்கையை வாசித்ததும் இதே விதத்தில்தான்.

ஒரு மனிதரின் கணக்கு

இந்த விவாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜார்ஜ் பிரைஸ் நினைவுக்கு வருவார். அமெரிக்கர், வேதியியல் படித்தவர், பிடிவாதமான நாத்திகர். 1967இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபின், பரிணாம உயிரியலில் முறையான பயிற்சி எதுவும் இல்லாமல் ஹாமில்டனின் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினார். தியாகமும் அன்பும் மரபணுக்களின் வரவு செலவுதானா என்ற எண்ணம் அவரை வாட்டியது. தவறு கண்டுபிடிக்கலாம் என்று கணக்கைத் தானே முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். கிடைத்தது, ஹாமில்டனுடையதைவிடப் பொதுவான ஒரு சமன்பாடு. கருணை மட்டுமல்ல, தனக்கு நட்டம் வந்தாலும் பிறரைக் கெடுக்கும் வன்மமும் பரிணாமத்தில் உருவாகலாம் என்று அது காட்டியது. 1970இல் அது அச்சானது. பிரைஸ் சமன்பாடு என்ற பெயரில் இன்றும் உயிரியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அதே 1970இல் அவர் கிறிஸ்தவரானார். சில ஆண்டுகளில், வீடற்றவர்களுக்குத் தன் பணத்தைக் கொடுத்தார், உடைமைகளைக் கொடுத்தார், தன் வீட்டிலேயே தங்கவைத்தார். கடைசியில் அவருக்கே வீடு இல்லாமல் போயிற்று. உறவுக் கணக்கிலும் சேராத, திருப்பிக் கொடுக்கவும் முடியாத மனிதர்கள் அவர்கள். கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலும் அவர் தம் சமன்பாட்டைத் தவறென்று சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் உயிரியல் ஆய்வில் ஈடுபட்டிருந்தார்.

1975 ஜனவரியில், மன வேதனையில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் சிலரே. அவர்களில் ஹாமில்டனும் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் இருந்தார்கள், அந்தக் காலத்துப் பரிணாம உயிரியலின் இரண்டு பெரிய பெயர்கள். அவர்களோடு, பிரைஸ் உதவிய வீடற்ற மனிதர்கள் சிலரும் நின்றிருந்தார்கள்.